காரைக்குடி லேப் குறிப்புகள்: கார்டியோலிபின்

ஜூன் 9, 2025, திங்கள்

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், மாமியாரோடு வந்திருந்தாள். கையில் மதுரை டாக்டரின் சீட்டு: ஆன்டி கார்டியோலிபின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன், லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட். உடம்புக்குள் ரத்தத்தை வீணாக உறைய வைக்கும் ஆன்டிபாடிகளைத் தேடும் மூன்று டெஸ்ட். முதல் இரண்டுக்கும் சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் தெளிநீர்) பிரித்துச் சென்னைக்கு அனுப்பிவிடலாம். மூன்றாவதுக்கு நீல மூடிக் குழாயில் எடுத்து, தட்டணு மிஞ்சாமல் இரண்டு தடவை சுழற்றி, உறைய வைத்து அனுப்ப வேண்டும். எங்களிடம் அந்த வசதி இல்லை. “அதை மட்டும் மதுரையிலேயே குடுத்துருங்க ஆச்சி” என்றேன்.

போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. ஸ்கேனில் ஒரு குறையும் இல்லை. “நாகதோஷம்னாங்க, பரிகாரமும் பண்ணியாச்சு” என்றார் ஆச்சி.

ஃபைலைப் புரட்டினால், அந்தக் கர்ப்பத்தின் முதல் ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘விடிஆர்எல்: ரியாக்டிவ்’. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு எடுக்கும் முதல்கட்ட டெஸ்ட், அது பாசிட்டிவ். வேறொரு லேபின் தாள். உறுதிசெய்யும் டெஸ்ட் எதுவும் போடாமல் அதோடு விட்டுவிட்டார்கள்.

ஆச்சி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மெல்லக் கேட்டேன். அந்தத் தாளைப் பார்த்து அவளுக்கும் கணவனுக்கும் பென்சிலின் போட்டிருக்கிறார்கள். “அவுக மூணு மாசம் எங்கூடப் பேசலைக்கா” என்றாள், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே. அவளிடம் கேட்டுக்கொண்டு, சிஃபிலிஸை உறுதிசெய்யும் டிபிஹெச்ஏ டெஸ்ட்டும் போட்டேன். நெகட்டிவ். சிஃபிலிஸ் ஒரு தடவை வந்திருந்தால், மருந்து போட்டுக் குணமான பிறகும் அது பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே நிற்கும்.

ஜூன் 10

விடிஆர்எல் நேராகக் கிருமியைத் தேடுவதில்லை. மாட்டு இதயத்திலிருந்து 1941-ல் மேரி பாங்பார்ன் பிரித்தெடுத்த கார்டியோலிபின் என்ற கொழுப்போடு ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி எதுவும் ஒட்டுகிறதா என்றுதான் பார்க்கிறது. நாங்கள் போடும் ஆர்பிஆர்-உம் அதன் தம்பிதான். வெள்ளை அட்டையில் ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டுக் கரித்துகள் கலந்த கரைசல், 8 நிமிஷம் சுழற்சி. கரி திரிதிரியாகத் திரண்டால் ரியாக்டிவ். சிஃபிலிஸிலும் திரளும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோயிலும் திரளும். இது 1950-களிலேயே தெரிந்த சங்கதி. எழுபது வருஷம் கழித்தும் ஒரு வீட்டில் புருஷன் பேசாமல் இருந்திருக்கிறான்.

ஜூன் 17

கார்டியோலிபின் ஐஜிஜி (ஆன்டிபாடியில் ஒரு வகை) 62. 40-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய அளவு. போனில் அழுதாள். ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்வது என் வேலை இல்லைதான். ஆனாலும் ஒன்று மட்டும் சொன்னேன்: 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் இருந்தால்தான் கணக்கு. மலேரியா, ஹெபடைடிஸ் சி மாதிரி தொற்றுகளிலும், சில மாத்திரைகளாலும் கொஞ்ச நாள் எட்டிப்பார்த்துவிட்டு மறைந்துவிடும். நோயே இல்லாதவர்களில்கூட 100-க்கு 1 முதல் 5 பேருக்கு இருக்கும்.

ஜூலை 22

ஆடி மாதம், லேபில் கூட்டம் இல்லை, வாசிக்க நேரம் கிடைத்தது. கார்டியோலிபின் ஆன்டிபாடியை அளக்கும் டெஸ்ட் 1983-ல் லண்டனில், கிரஹாம் ஹியூஸ் குழுவிடமிருந்து வந்தது. அந்த ஆன்டிபாடி பெரும்பாலும் பிடிப்பது கொழுப்பை அல்ல, அதன்மேல் ஒட்டியிருக்கும் பீட்டா-2 கிளைகோபுரோட்டீனை என்பது 1990-ல்தான் தெளிந்தது. கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, இளவயதில் பக்கவாதம், தட்டணு குறைவு, இதய வால்வில் தடிப்பு எல்லாவற்றுக்கும் இதோடு தொடர்பு உண்டு. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியில் ரத்தம் உறைவது மட்டும் காரணமில்லை. நஞ்சுக்கொடி பதிவதையே கெடுத்து, அங்கே அழற்சியைக் கிளப்பிவிடும். 10 வாரத்துக்கு மேல் குறையில்லாத சிசு இறப்பது, 34 வாரத்துக்குள் கடும் ரத்தக்கொதிப்பால் பிரசவிக்க வேண்டிவருவது, இதெல்லாம் அதனால்தான் இந்த நோயை அடையாளம் காணும் பட்டியலில் இருக்கிறது.

எனக்குப் பெரிய விசித்திரம் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்தான். டெஸ்ட் குழாயில் ரத்தம் உறைவதைத் தாமதிக்கும், உடம்புக்குள் உறைய வைக்கும்!

செப்டம்பர் 1

மறுபடி ரத்தம் எடுத்தேன். இந்தத் தடவை கூட வந்தது கணவன். வாசலிலேயே நின்றான். டிபிஹெச்ஏ தாளை அவன் கையிலேயே கொடுத்து, வரிவரியாகச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 9

ஐஜிஜி 58. மதுரையில் எடுத்த லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் டெஸ்ட்டும் இரண்டு தடவையும் பாசிட்டிவ். டாக்டர் இப்போதிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதியிருக்கிறார். கரு தங்கியது உறுதியானதும் ரத்தம் உறையாமல் தடுக்க தினமும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி, பிரசவத்துக்குப் பிறகும் 6 வாரம். அதே வேலைக்கான வார்ஃபரின் மாத்திரை சிசுவைப் பாதிக்கும், அதனால் கர்ப்பத்தில் ஆகாது. இப்படிப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை தங்குகிறது. ஊசி தானே போட்டுக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். முடியும், தொப்புளைச் சுற்றி இரண்டு விரல்கடை தள்ளி, தினம் இடம் மாற்றிப் போடச் சொல்லித் தருவார்கள் என்றேன்.

எங்கள் ஓனரிடம், இனி விடிஆர்எல் ரியாக்டிவ் என்று வந்தால் டிபிஹெச்ஏ போடாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிட் காலாவதியாகி வீணாகுமே என்று முனகினார். சின்ன பாக்ஸாக வாங்குங்கள் என்றேன். சரி என்றிருக்கிறார்.