இரண்டு தட்டு குறைவாகப் பாடும் ஊர்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில் பழைய ஆட்கள் கிறிஸ்துமஸ் கரோலை ‘கர்ல்’ என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “எங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து கர்ல் புத்தகங்கள் கிடக்கின்றன, வந்து பார்க்கிறீர்களா?” என்றார். முடியைச் சுருட்டுவது எப்படி என்ற புத்தகங்களை எதற்கு ஆவணக் காப்பகத்துக்குத் தருகிறார் என்று குழம்பிப்போய், பண்பாகவே மறுத்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்து முடித்ததும் விளக்கினார். உடனே திரும்பக் கூப்பிட்டேன். பரவாயில்லை, புத்தகங்கள் இன்னும் பரணில்தான் இருந்தன.

என் கணவருக்கு ட்ரூரோவில் நர்ஸ் வேலை. நான் நூலக அறிவியல் படித்தவள். காம்போர்ன், ரெட்ரூத் வட்டார ஊர்களில் பாடப்படும் கரோல்களைத் திரட்டிப் பாதுகாக்க இரண்டு ஆண்டுத் திட்டம் ஒன்று வந்தது. கையெழுத்துப் புத்தகங்களைச் சேகரிக்க வேண்டும், பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்ற வேண்டும், இன்றும் பாடுகிறவர்களைப் பதிவுசெய்ய வேண்டும். அரை நாள் வேலைதான். நேர்காணலில், என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1880இல் தொடங்கி அந்தச் சுரங்கங்களை நிர்வகித்த ஜான் டெய்லர் கம்பெனி, இங்கிருந்துதான் சுரங்கம் தெரிந்த ஆட்களைக் கொண்டுபோனது. கீழே இறங்கி வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். பாட்டைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வேலை கிடைத்ததில் தாத்தாவுக்கும் பங்கு உண்டு என்று இன்றும் நம்புகிறேன்.

முதல் மாதம் படிப்பிலேயே போயிற்று. செயிண்ட் எர்த் ஊரில் பிறந்த டேவிஸ் கில்பர்ட் 1822இல் எட்டுக் கரோல்களை மெட்டோடு அச்சிட்டார். பின்னால் லண்டன் ராயல் சொசைட்டிக்கே தலைவரான மனிதர். சிறுவயதில் தாம் கேட்ட பாட்டுகள், வழக்கொழிந்துகொண்டிருக்கின்றன, அழிவதற்குள் எழுதி வைப்போம் என்பது அவர் எண்ணம். அடுத்த ஆண்டே தொகுப்பு பெரிதாகி மறுபதிப்பு வந்தது. 1833இல் வில்லியம் சாண்டிஸ் இன்னொரு பெரிய தொகுப்பு போட்டார். இன்று உலகம் முழுக்கப் பாடும் ‘ஃபர்ஸ்ட் நோயல்’ மெட்டோடு அச்சானது அதில்தான். ஆக, இந்த ஊர்க் கரோல்கள் சாகக் கிடக்கின்றன என்று சொல்லத் தொடங்கி இருநூறு ஆண்டு ஆகிவிட்டது. எங்கள் திட்ட அறிக்கையின் முதல் பத்தியும் அதையேதான் சொன்னது. அதைத் தட்டச்சு செய்தவள் நான்.

கில்பர்ட் கேட்டவை ஒரு வகை. எங்கள் வட்டாரத்தில் உயிரோடு இருப்பவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை, மெதடிஸ்ட் சிற்றாலயங்களில் வளர்ந்தவை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி க்வென்னாப் பள்ளத்தில் 1762 முதல் 1789 வரை பதினெட்டு முறை பிரசங்கம் செய்த பூமி இது. சுரங்கத்துக்கு ஒரு சிற்றாலயம், சிற்றாலயத்துக்கு ஒரு பாடகர் குழு. அவர்களில் ஒருவராக வந்தவர்தான் தாமஸ் மெரிட். 1863இல் இல்லோகனில் பிறந்து, சின்ன வயதிலேயே சுரங்க வேலைக்குப் போய், உடம்பு ஒத்துழைக்காமல் அதை விட்டு, இசை கற்று, ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். 1908இல் இறக்கும்போது 44 வயது. அவர் எழுதியது ஒரு டஜன் கரோல்தான் இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் டிசம்பரில் தெருவில் நின்றால் அவர் பாட்டு காதில் விழாமல் வீடு போய்ச் சேர முடியாது.

அவர் பாட்டுகளின் ருசியே துரத்தலில் இருக்கிறது. பேஸ் என்ற ஆண்களின் கீழ்க்குரல்கள் ஒரு வரியைத் தொடங்கும். அது முடியுமுன் ஆண்களின் உயர்குரலான டெனர் அதே வரியோடு நுழையும், பிறகு பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோ, பிறகு மேல்குரல். நாலு பேரும் ஒருவர் வாலை ஒருவர் பிடித்து ஓடி, கடைசி வரியில் ஒன்றாக வந்து மோதுவார்கள். முதல் தடவை கேட்டபோது குழு தடுமாறிவிட்டது என்றே நினைத்தேன்.

1866இல் செம்பு விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூட, ஆட்கள் கப்பல் ஏறினார்கள். ‘கசின் ஜாக்’ என்று உலகமெங்கும் பேர் வாங்கிய கார்னிஷ், அதாவது கார்ன்வால், சுரங்கக்காரர்கள் தங்கள் பாட்டுகளையும் கூடவே கொண்டுபோனார்கள். தென் ஆஸ்திரேலியாவின் மூண்டாவில் 1893இல் கார்னிஷ் கரோல் தொகுப்பே அச்சானது. கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலியில் கார்னிஷ் கரோல் குழு தலைமுறைகளாகப் பாடிவந்திருக்கிறது. உலகம் கார்ன்வாலின் கிறிஸ்துமஸ் என்று அறிவது வேறொன்றை: 1880இல், ட்ரூரோ கதீட்ரல் கட்டி முடிவதற்கு முன், மரக்கொட்டகையில் இரவு 10 மணிக்கு பிஷப் பென்சன் நடத்திய, பைபிள் வாசிப்புகளும் கரோல்களும் மாறி மாறி வரும் ‘ஒன்பது பாடங்கள்’ வழிபாடு. 1918இல் அது கேம்பிரிட்ஜ் போய்ப் புகழ்பெற்றது. அது ஒழுங்கான, உள்ளே உட்கார்ந்து கேட்கும் விஷயம். என் ஆட்கள் பாடுவது வாசலில்.

நாடா வேலை எனக்குப் பிடித்திருந்தது. எழுபதுகளின் சில ரீல் நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் பழுப்புத் தூள் உதிரும், அந்தத் தூள்தான் பாட்டு. அதனால் ஐம்பது டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வைத்து உலர்த்தி, அதன்பின் ஒரே மூச்சில் ஓட்டிப் பதிவுசெய்துகொள்வோம். வீட்டில் இதைச் சொன்னால் என் அம்மா, “அப்பளம் காயப்போடுகிற மாதிரியா?” என்பார். கிட்டத்தட்ட அதுதான். ஒரு நாடாவில் பாட்டு நடுவே ஒரு பெண் குரல், “கதவைச் சாத்துங்கள், குளிர் வருகிறது” என்கிறது. அதை வெட்டவில்லை.

கையெழுத்துப் புத்தகங்கள் வேறு கதை. பெரும்பாலானவற்றில் ஐந்து கோட்டு இசைக்குறிப்பு கிடையாது. டானிக் சால்ஃபாதான்: டோ, ரே, மி என்பவற்றின் முதல் எழுத்துகள். நடுவே முக்காற்புள்ளி வந்தால் தாளத்தில் அடுத்த தட்டு, சிறு கோடு வந்தால் நீட்டிப் பிடிக்க வேண்டும். பியானோ வாங்க வழியில்லாதவர்களுக்கான எழுத்துமுறை அது. ச ரி க ம எழுதிப் பாட்டு வகுப்புக்குப் போன எனக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. நாம் மந்திர ஸ்தாயிக்கு எழுத்தின் கீழே புள்ளி வைப்போம். அவர்கள் காலடியில் ஒரு சின்னக் கீற்று போடுவார்கள், மேலே போக வேண்டுமென்றால் தோளில். மெழுகுவர்த்தி சொட்டியும் எலி கடித்தும் போன தாள்களில் அந்தக் கீற்று அழிந்துவிட்டால் என்ன ஆகும்? நான் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போன முதல் பிரதியில் பேஸ்காரர்கள் ஓரிடத்தில் திடீரென்று எட்டு ஸ்வரம் மேலே எகிற வேண்டியிருந்தது. எழுபது வயதுக்காரர்கள் அதை முயன்றும் பார்த்தார்கள், எனக்காக. அந்தச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

பதிவுசெய்யப் போன அன்று செய்த தப்பு இதைவிடப் பெரிது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே சிற்றாலயம் மூடி வீடாகிவிட்டது, பாடுகிறவர்கள் மதுக்கடையின் பின்னறையில் கூடுகிறார்கள். கச்சேரி மாதிரி நினைத்துக்கொண்டு, பதினான்கு பேரையும் ஒரே வரிசையில் மைக்கைப் பார்த்து நிற்கவைத்தேன். மெரிட்டின் கரோல், அவர்களுக்குத் தூக்கத்திலும் வரும் பாட்டு. துரத்தல் வரும் இடத்தில் அப்படியே சரிந்துவிட்டது. மறுபடி, மறுபடி. மூன்றாவது முறை ஆல்ட்டோ பாடும் அம்மா ஒருவர், “எனக்கு அவர் வாய் தெரிய வேண்டும், கண்ணே” என்றார். அவர் காட்டியது பேஸ் பெரியவரை. ஐம்பது வருஷமாக அந்த வாய் திறப்பதைப் பார்த்துத்தான் தன் வரியை அந்த அம்மா தொடங்குகிறார். வட்டமாக நின்றார்கள், மைக்கை நடுவில் வைத்தேன். பாட்டு ஒழுங்காக வந்தது. ஒலி ஒழுங்காக வரவில்லை: டெனர் அமுங்கிவிட்டது, கண்ணாடிக் கோப்பை சத்தம், யாருடைய நாயோ ஒன்று. சுத்தமான பதிவு வேண்டும் என்று மேலே கேட்டார்கள். இருப்பது இதுதான் என்றேன்.

கையெழுத்து வாங்குவதும் லேசில்லை. அனுமதிப் படிவத்தை நீட்டினால் பேஸ் பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பாட்டு என்னுடையது இல்லையே, நான் எப்படி அனுமதி தர முடியும்?” என்றார். பாட்டுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டது, உங்கள் குரலுக்கு முடியவில்லை என்று விளக்கினேன். அவருக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. “மெரிட்டை விட எனக்கு மதிப்பா!” என்று மேசையைச் சுற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். தன் பாட்டனாரின் தம்பி கோலார் போனவர் என்று அன்றைக்குத்தான் சொன்னார். என் தாத்தா பெயரைக் கேட்டார். சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பக்கத்து ஊர்க்காரர்கள் பதிவுக்கே ஒப்பவில்லை. எங்கள் பாட்டைப் பதிவு செய்தால் அடுத்த டிசம்பரில் அவர்கள் பாடிவிடுவார்கள் என்றார்கள். ‘அவர்கள்’ இருப்பது இரண்டு மைல் தூரத்தில். அதுவும் நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு எரிச்சல் வந்தது.

இனி அந்த இரண்டு தட்டுக்கு வருகிறேன். நாடா, புத்தகம், பதிவு மூன்றையும் ஒப்பிட்டபோது ஒன்று கண்ணில் பட்டது. அச்சுப் பிரதியில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே இரண்டு தட்டு மௌனம் இருக்கிறது. நான் பதிவுசெய்த ஊர்க்காரர்கள் அதை விழுங்கிவிட்டு நேரே அடுத்த வரிக்குப் போகிறார்கள். கையெழுத்துப் புத்தகத்தில் மௌனம் எழுதப்பட்டு, பின்னால் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. யாரோ அவசரக்காரர் செய்த வேலை என்று முடிவுகட்டி, நான் தயாரித்த பிரதியில் அந்த இரண்டு தட்டையும் திரும்ப வைத்தேன். மூலத்துக்கு விசுவாசம்! எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அச்சடித்துக் கொடுத்த டிசம்பரில் கூடவே போனேன். தாளைப் பார்த்துப் பாடிய இளையவர்கள் நின்றார்கள், பார்க்காமல் பாடிய மூத்தவர்கள் போனார்கள். தெருமுனையில் பாட்டு இரண்டாக உடைந்தது. பேஸ் பெரியவர் என் தாளை வாங்கித் தெருவிளக்கடியில் பிடித்து, விரலால் தட்டி எண்ணினார். கோபம் இல்லை. “உள்ளே பாடுகிறவர்களுக்கு இது சரி. ஆர்கன் அந்த இடத்தை நிரப்பும். நாங்கள் நடந்துகொண்டே பாடுகிறவர்கள். இரண்டு தட்டு நின்றால் பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவன் மேல் மோதுவான். அதை அடித்தவர் என் அப்பா” என்றார்.

பென்சில் கோட்டை அன்றிரவே மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். தெளிவாக, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தது. அவசரக்காரர் கை இல்லை அது.

இப்போது அட்டவணையில் ஒவ்வொரு பாட்டுக்கும் கூடுதலாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: எங்கே நின்று பாடுவது, நடந்தா, நின்றா, யார் முகத்தைப் பார்த்து. மென்பொருளில் அதற்கு இடமில்லாததால் ‘பிற குறிப்புகள்’ பகுதியில் திணிக்கிறேன். நிரம்பி வழிகிறது. தேடினால் கிடைக்காது என்று தகவல் பிரிவுக்காரர் புலம்புகிறார். திட்டம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, அதற்குள் தனிக் கட்டம் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

போன செவ்வாய் அந்த ஒப்புக்கொள்ளாத ஊரிலிருந்து ஒரு தொலைபேசி. பிஸ்கட் டப்பாவில் அடைத்த சில புத்தகங்கள் இருக்கின்றனவாம். வீட்டுக்கு வந்து பார்க்கலாம், படம் எடுக்கலாம், வெளியே கொண்டுபோகக் கூடாது, பாடிக் காட்டமாட்டார்கள். வியாழக்கிழமை போகிறேன். கேமராவும் கைவிளக்கும் எடுத்து வைத்துவிட்டேன், பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்தச் சின்னக் கீற்றுகள் தெரியும்.