பத்து நாள் மரக்கறி: வெள்ளவத்தையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

மார்ச் 5, 2025 – சாம்பல் புதன்

விடியவே வெறும் வயிற்றில் என் கணவருடைய விரலில் குத்திப் பார்த்தேன். இரத்தத்தில் சீனி 148. மாதக் கணக்காக அந்தப் பக்கம்தான் நிற்கிறது. மாலை ஆராதனை முடிந்து வரும்போது மாதர் சங்கத்து அக்காமார் மூன்று பேரும் நானும் வாசலில் நின்று பேசி முடிவெடுத்தோம். அரண்மனைச் சாப்பாட்டை மறுத்து மரக்கறியும் தண்ணீரும் மட்டும் எடுத்த தானியேலைப் போல, தானியேல் முதலாம் அதிகாரத்தில் உள்ளபடி பத்து நாள். மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, சீனியும் இல்லை.

தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் 'பருப்பு முதலான மரக்கறிகள்' என்றே இருக்கிறது. ஞாயிறு பாடசாலையில் அதைக் கேட்கும்போதெல்லாம் பாபிலோன் அரண்மனை எனக்குத் தெரியாது, அம்மாவின் பருப்புச் சட்டிதான் கண்ணுக்குள் வரும். இன்றைக்கும் அப்படித்தான்.

மார்ச் 6, வியாழன்

முதல் நாளே ஒரு பாடம். காலையில் கடையில் இடியப்பமும் சம்பலும் வாங்கினேன். சம்பலைக் கிளறினால் மாசிக் கருவாட்டுத் துண்டுகள். மரக்கறிக் கடை என்று பார்த்து வாங்காவிட்டால் கொழும்பில் சம்பலை நம்ப முடியாது. சரி என்று சொதியோடு இடியப்பத்தை முடித்துவிட்டு, இரவுக்கு நானே சம்பல் இடித்தேன். செத்தல் மிளகாயும் உப்பும் முதலில், பிறகு வெங்காயம், கடைசியில் தேங்காய்ப்பூ (துருவிய தேங்காய்). மாசி இல்லாத குறைக்கு ஒரு பிடி கறிவேப்பிலையைக் கருகாமல் வறுத்து நொறுக்கிச் சேர்த்தேன். இவர் ஒன்றும் கேட்காமல் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்.

மார்ச் 8, சனி

சந்தையில் வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், முருங்கையிலை எல்லாம் வந்து குவிந்திருந்தது. வல்லாரை இரண்டு கட்டு வாங்கினேன். அதை முன்கூட்டி அரிந்து வைத்தால் கறுத்துக் கசந்துவிடும். சோற்றை இறக்கிய பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். தண்டோடு சேர்த்து சுருட்டிப் பிடித்து, நூல் நூலாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு போட்டு விரல் நுனியால் பிசறினால் போதும். அழுத்திப் பிசைந்தால் தண்ணீர் விட்டுவிடும். தேசிக்காய் (எலுமிச்சை) கடைசியில். அந்தப் புளி ருசிக்கு மட்டும் இல்லை: கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ள அது உதவும். தேத்தண்ணீர் அதையே தடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம், அதை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போட்டிருக்கிறோம். சோறு சிவப்பரிசி, அதுவும் ஒரு அகப்பைதான்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு வழக்கம்போல ரோல்ஸ், கேக், பால் தேத்தண்ணீர். நாங்கள் நாலு பேரும் தண்ணீரோடு நின்றோம். ஒரு அன்ரி கேட்டார்: "உயிர்த்தெழுந்த ஆண்டவரே பொரித்த மீன் சாப்பிட்டவர், நீங்கள் என்னத்துக்குப் பிள்ளை இப்படி?"

அவர் சொன்னது உண்மை. லூக்கா கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. மச்சம் சாப்பிடுவது பாவம் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவனும் எல்லாம் சாப்பிடுகிறவனும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்று ரோமர் 14-இல் பவுல் எழுதியிருக்கிறார். அதைத்தான் அன்ரியிடம் சொன்னேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அந்த மேசையைச் சுற்றி நிற்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சீனி, எத்தனை பேருக்குப் பிரஷர்! கால் விரல் எடுத்த மூன்று பேருக்காக இந்த வருடம் மட்டும் முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறோம். அதே கையால் அவர்களுக்குக் கேக் நீட்டுகிறோம். இது எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இவருக்குக் கிளினிக். டொக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். பத்து நாளுக்குப் பயமில்லை, தொடர்வதென்றால் பி12 பார்க்க வேண்டும் என்றார். அது செடிகொடிகளிலிருந்து கிடைக்காது. இவர் வருடக் கணக்காக எடுக்கும் மெட்ஃபோமினும் அதைக் குறைக்கக்கூடியதாம். ஆகவே பத்து நாள் கழிந்தால் முட்டையும் தயிரும் திரும்பி வரும். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மார்ச் 13, போயா (பௌர்ணமி)

இன்றைக்கு நாடு முழுக்க இறைச்சிக் கடைகள் பூட்டு. கீழ் வீட்டுச் சிங்கள அக்கா சில் (பௌத்த விரதம்) எடுக்கப் பன்சலைக்கு, அதாவது விகாரைக்கு, புறப்படும் முன், வெள்ளை உடுப்போடு வந்து ஒரு செம்பு கொலகெந்த (இலைக்கஞ்சி) தந்துவிட்டுப் போனார். சிவப்பரிசி, தேங்காய்ப்பால், வல்லாரைச் சாறு. கூடவே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கருப்பட்டியும் சீனிதான் என்பதால் அதை எடுத்து வைத்துவிட்டுக் கஞ்சியை மட்டும் சுடச்சுடக் குடித்தோம். அவருடைய போயாவும் எங்கள் லெந்து நோன்பும் ஒரே செம்பில் இருந்தது போல ஒரு சந்தோஷம்.

மத்தியானம் பலாப்பிஞ்சுக் கறி. பால் ஒட்டாமலிருக்கக் கைக்கும் கத்திக்கும் தேங்காயெண்ணெய் பூசி, துண்டு போட்டு, கறுவாவும் கொறுக்காப்புளியும் சேர்த்து மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் விட்டேன். பஞ்ச காலத்துக்கு உதவட்டும் என்று நாடெங்கும் பலா நடவைத்த ஆர்தர் வி. டயஸை 'கொஸ் மாமா' (பலா மாமா) என்று சனம் இன்றும் சொல்கிறது. அந்த மனிதருக்காகவும் இன்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

மார்ச் 15, சனி

இன்றோடு பத்து நாள் முடிகிறது. இன்று காலை 131. பெரிய இறக்கம் இல்லை. மாத்திரை மாத்திரைதான். ஆனால் இவர் மூன்றாம் மாடிக்கு நடுவில் நிற்காமல் ஏறினார்.

இந்தப் பத்து நாளும் என்னை நடத்தியது மற்ற மூன்று அக்காமாரின் தொலைபேசிதான். "இண்டைக்கு என்ன சமையல்?" என்று பகலில் ஒருத்தராவது கேட்பார்கள். தானியேலோடும் அனனியா, மீஷாவேல், அசரியா என்று மூன்று பேர் இருந்தார்களே. அந்த அதிகாரத்தை எத்தனையோ தரம் வாசித்தும் அந்த மூன்று பெயர்களில் நான் நின்றதில்லை.

பாஸ்டர் ஐயாவிடம் மாதர் சங்கமாகப் போய்ப் பேசினோம். ரோல்ஸ் இருக்கட்டும், பக்கத்தில் அவித்த கௌபியும் (தட்டைப்பயறு) தேங்காய்ப்பூவும் கட்டாச் சம்பலும் (மிளகாய்ச் சம்பல்) வைக்கிறோம், தேத்தண்ணீருக்குச் சீனியைப் புறம்பாகத் தருகிறோம் என்று கேட்டோம். சம்மதித்துவிட்டார். கட்டாச் சம்பல் மாசி இல்லாமல் நான் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன். அன்று மீன் பற்றிக் கேட்ட அன்ரி தேங்காய் துருவ வருகிறாராம்.

இரண்டு கிலோ கௌபி கழுவி ஊறப் போட்டாயிற்று. காலை ஐந்து மணிக்கு அடுப்பு.