நாலு புள்ளி அறுபத்து மூன்று: ஓராண்டுப் பயிற்சியில் நான் கண்டது

ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி என்றால் பல வருடங்களாக என் மனதில் ஒரே காட்சிதான் இருந்தது. ஒரு பெரிய அறை, முன்னால் திரை, கருத்தாளர் ஒருவர், கையில் கையேடு, மாலையில் சான்றிதழ். நல்ல கருத்தாளர்கள் பலரிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அவர்கள் சொன்னதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்து சாக்பீஸைக் கையில் எடுத்ததும், முந்தைய வாரம் எப்படி நடத்தினேனோ அப்படியேதான் நடத்தினேன். இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆசிரியர் பயிற்சி பற்றி எழுதிய புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-லேயே இதைப் பேசியிருக்கிறார்கள். கேட்பதும் செய்துகாட்டப் பார்ப்பதும் மட்டும் போதாது, சொந்த வகுப்பில் செய்து பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து துணை செய்தால்தான் கற்றது வகுப்பறைக்குள் வந்து சேரும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம்.

அதனால் அந்த ஆண்டு ஒருநாள் பயிற்சிகளை ஒதுக்கிவிட்டு, ஓராண்டு நீளும் செயலாய்வுத் திட்டம் ஒன்றுக்கு, அதாவது ஆசிரியர் தன் வகுப்பில் உள்ள ஒரு சிக்கலைத் தானே ஆராய்ந்து தீர்வு தேடும் திட்டத்துக்கு, விண்ணப்பித்தேன். முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. நோக்கம் என்ற இடத்தில் ‘கணிதம் கற்பிக்கும் திறனை மேம்படுத்துதல்’ என்று எழுதியிருந்தேன். ‘எந்த வகுப்பு, எந்தப் பாடம், பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?’ என்று ஒரே ஒரு வரி எழுதித் திருப்பியிருந்தார்கள். அன்றைக்கு வருத்தமாக இருந்தது. இன்று நினைத்தால், அந்த ஆண்டின் முதல் பயிற்சியே அந்த ஒரு வரிதான்.

பதில் எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஆறாம் வகுப்பின் பழைய விடைத்தாள்களை எடுத்துப் புரட்டினேன். தசம எண்களை ஒப்பிடும் கணக்குகளில் எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். இதில் சிக்கல் இல்லை என்று தள்ளிவைக்கப் போகும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. நான் கொடுத்திருந்த எண்கள் எல்லாம் 3.45, 3.54 என்று புள்ளிக்குப் பின் ஒரே நீளத்தில் இருந்தன. அப்படி இருந்தால், புள்ளியை மறந்துவிட்டு 345, 354 என்று பார்த்தாலும் விடை சரியாக வந்துவிடும். மறுநாள் வகுப்பில் ஒரு துண்டுத்தாளில் 4.63, 4.8 என்று எழுதிக் கொடுத்து, எது பெரியது என்று கேட்டேன். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 4.63 என்று எழுதினார்கள். 63 பெரியது, 8 சிறியது, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ‘நீளமாக இருப்பதே பெரியது’ என்ற இந்தத் தவறான புரிதல் உலகெங்கும் பிள்ளைகளிடம் காணப்படுவது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லும் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் நூற்றுக்கு நூறு போட்ட தாள்களில் எத்தனை பேர் இப்படித் தப்பித்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தபோது மனது கனத்துவிட்டது.

இரண்டாவது விண்ணப்பத்தில் இதை மட்டும் எழுதினேன். இடம் கிடைத்தது.

அடுத்தது நேரம். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அனுமதி கேட்பதோடு நிறுத்தாமல், வாரத்தில் எந்த நாள், எந்தப் பாடவேளை என்று அப்போதே பேசி முடித்துவிடுங்கள். ‘ஓய்வு கிடைக்கும்போது செய்யுங்கள்’ என்ற வாக்குறுதியால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அந்த ஓய்வு வரவே வராது. எங்கள் தலைமையாசிரியரிடம் கால அட்டவணையையே கையில் கொண்டுபோய் உட்கார்ந்தேன். என்னோடு சேர முன்வந்த மூன்று பேருக்கும் எனக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை பொதுவாகக் காலியாக இருக்கும்படி மாற்றித் தந்தார். அதற்காக வேறு இரண்டு ஆசிரியர்கள் தங்கள் வகுப்புகளை இடம் மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் பெயர் எந்தச் சான்றிதழிலும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

திட்டத்தில் இணையவழிப் படிப்பு ஒன்றும் இருந்தது. இரவில் பார்த்து முடித்தேன். பயனுள்ளதுதான், ஆனால் இங்கே சொல்ல அதில் பெரிதாக எதுவும் இல்லை.

சொல்ல வேண்டியது வீடியோவைப் பற்றி. பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, வகுப்பின் பின்பக்கத்தில் ஒரு போனை வைத்து என் பாடம் ஒன்றைப் பதிவு செய்தேன். பார்க்க ஆரம்பிக்க மூன்று நாள் ஆனது, தைரியம் வரவில்லை. முதல் தடவை என் குரலையும் நடையையும் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டாம் தடவை ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து, கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்று அளந்தேன். பெரும்பாலும் ஒரு நொடி. சில இடங்களில் அதுவும் இல்லை, கேள்வியும் பதிலும் என் வாயிலிருந்தே வந்துவிட்டன. மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து கண்டதும் இதையேதான். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பதிலே இல்லாமல் போவது குறைகிறது, பிள்ளைகள் தாங்களாகப் பேசுவது கூடுகிறது. பிள்ளை பதில் சொன்ன பிறகும் அதே மூன்று நொடி காத்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. நானோ பதில் முடியும் முன்பே ‘சரி, அடுத்து’ என்று போய்க்கொண்டிருந்தேன். மூன்று நொடி கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். வகுப்பின் முன்னால் நின்று வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். எனக்கு அது கைவர ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது.

மூன்றாம் தடவை அதே வீடியோவை எங்கள் குழு ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது. பாதியில் தமிழாசிரியர் நிறுத்தச் சொன்னார். “டீச்சர், இந்த எண்ணை இன்னொரு தடவை சொல்லுங்க.” நான் திரையைப் பார்த்து “நாலு புள்ளி அறுபத்து மூணு” என்றேன். “அதான். அறுபத்து மூணுன்னு நீங்களே சொல்றீங்களே. அப்புறம் பிள்ளைக்கு எட்டைவிட அது பெரிசாத்தானே தெரியும்?”

அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் ஒவ்வோர் எண்ணையும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். நாலு புள்ளி ஆறு மூன்று என்று இலக்கம் இலக்கமாக வாசிக்க வேண்டும் என்று பாடம் படித்த காலத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு பழக்கத்தில் போனது. கணிதம் கற்பிக்கும் இன்னொருவர் அதைக் கேட்டிருந்தால் கவனித்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன், அவர் வாயிலும் அதுவே வருவதால். குழுவில் வேறு பாட ஆசிரியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

அதன் பிறகு நாங்கள் எடுத்துக்கொண்டது ஜப்பானிய முறைப்படியான பாட ஆய்வு. அங்கே இதற்கு ‘ஜுகியோ கென்கியூ’ என்று பெயர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதன் வேர்கள் இருக்கின்றன. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் இருந்து பார்ப்பார்கள். பார்வை ஆசிரியர் மேல் இருக்கக் கூடாது, பிள்ளைகள் மேல் இருக்க வேண்டும். பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசி, பாடத்தைத் திருத்துவார்கள். யாருக்கும் மதிப்பெண் கிடையாது. பாடம் எல்லோருக்கும் சொந்தம் என்பதால், தவறினால் அது நடத்தியவரின் தவறு ஆகாது. இந்த ஒரு விஷயம்தான் எனக்குப் பயத்தைப் போக்கியது. பின்வரிசையில் குறிப்பேட்டோடு ஒருவர் உட்கார்ந்தாலே ஆய்வாளர் வந்துவிட்டது போல அதுவரை எனக்குக் கை நடுங்கும்.

திட்டமிடுவதற்கு முன்னால் பாடப்பொருளையே ஆழமாகப் படிக்கும் ஒரு கட்டம் உண்டு. நாங்கள் அதற்கு நான்கு வாரம் எடுத்துக்கொண்டோம், அதுதான் ஆண்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆறாம் வகுப்புத் தசமத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். 1585-இல் தசம எண்களைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்ட சைமன் ஸ்டெவின், நாம் இன்று வைக்கும் புள்ளியை வைக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்குப் பக்கத்திலும் வட்டத்துக்குள் 1, 2, 3 என்று எழுதி, இது முதல் இடம், இது இரண்டாம் இடம் என்று காட்டினார். 4.63 அவரிடம் நான்கு, ஆறு முதலிடம், மூன்று இரண்டாமிடம் என்று போகும். அதில் அறுபத்து மூன்று என்று வாசிக்க வழியே இல்லை! எழுத வசதி என்று நாம் சுருக்கிக்கொண்டதில், ஒவ்வோர் இலக்கமும் தன் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்த அடையாளம் போய்விட்டது. இதை அறிவியல் ஆசிரியர் பலகையில் எழுதிக் காட்டியபோது நான்கு பேரும் பிள்ளைகள் போல மகிழ்ந்தோம்.

பாடத்துக்கு அளவுக்குறி இல்லாத காகிதப் பட்டைகளைத் தயார் செய்தோம். ஒரு முழுப் பட்டை ஒன்று, அதைப் பத்தாக வெட்டினால் பத்தில் ஒன்று, அதில் ஒன்றை மறுபடி பத்தாக வெட்டினால் நூறில் ஒன்று. மீட்டர் அளவுகோலையே கொடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். அதில் 80, 63 என்று முழு எண்களாகவே வாசித்துவிடுவார்கள், மறுபடி அதே பள்ளத்தில் விழுவோம் என்று பேசி விட்டுவிட்டோம்.

முதல் தடவை நான் நடத்தினேன். வெட்டி ஒட்டுவதிலேயே பாதி நேரம் போய்விட்டது. பேச வேண்டிய கேள்விக்குக் கடைசி ஐந்து நிமிடம்தான் கிடைத்தது. இருந்தாலும் பலர் 4.8 என்று சரியாகச் சொன்னார்கள். அதில் ஒரு பையனை நான் பாராட்டிவிட்டு நகர்ந்தேன். பாடம் முடிந்து உட்கார்ந்தபோது அறிவியல் ஆசிரியர் தன் குறிப்பேட்டைத் திறந்தார். அவர் அந்தப் பையனின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தவர். நான் நகர்ந்த பிறகு அவன் பக்கத்துப் பையனிடம் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்: “புள்ளிக்கு அப்புறம் கம்மியா இருந்தா அதான்டா பெரிசு.”

அவன் விடை சரி, காரணம் முழுக்கத் தவறு. பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. அதனால் ஓர் இலக்கம் மட்டும் இருக்கும் எண் எப்போதுமே பெரியது என்று முடிவுக்கு வந்திருந்தான். 0.3, 0.45 என்று கேட்டிருந்தால் 0.3 என்று சொல்லியிருப்பான். என் ஒரே கேள்வியால் ஒரு வகைத் தவறு வெளிப்பட்டது, இன்னொரு வகைத் தவறு சரியான விடைக்குள் மறைந்துகொண்டது. நான் தனியாக நடத்தியிருந்தால் அவனுக்கு ஒரு பாராட்டைக் கொடுத்து அந்தத் தவறை இன்னும் ஆழமாகப் பதித்துவிட்டுப் போயிருப்பேன். இதை எழுதும்போதும் அது என்னைச் சுடுகிறது.

பாடத்தைத் திருத்தினோம். பட்டைகளை முன்பே வெட்டி உறையில் போட்டு வைத்தோம். கேள்வியை இரண்டு ஜோடியாக மாற்றினோம்: 4.63, 4.8 ஒன்று, 0.3, 0.45 இன்னொன்று. நீளத்தை மட்டும் பார்ப்பவர் முதலாவதில் தவறுவார், குறுகியதைப் பெரியது என்று நினைப்பவர் இரண்டாவதில் தவறுவார். எண்களை எல்லோரும் இலக்கம் இலக்கமாக வாசிக்க வேண்டும், ஆசிரியர் உட்பட. விடை சொன்ன யாரிடமும் உடனே ‘சரி’ சொல்லக் கூடாது, ‘எப்படித் தெரிஞ்சுது?’ என்று கேட்டுவிட்டு மூன்று நொடி நிற்க வேண்டும்.

இரண்டாம் தடவை வேறு பிரிவில் இன்னொரு கணித ஆசிரியர் நடத்தினார், நான் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு பெண்ணின் கையை மட்டும் நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் 0.3 என்று எழுதினாள். பட்டைகளை வைத்தாள். மூன்று பெரிய துண்டு ஒரு பக்கம், நான்கு பெரிய துண்டும் ஐந்து சிறியதும் இன்னொரு பக்கம். எழுதியதை அழிக்காமல் அதன் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 0.45 என்று எழுதினாள். இருபது வருடம் கற்பிக்கிறேன், ஒரு பிள்ளையின் எண்ணம் மாறும் அந்த நேரத்தை அதற்கு முன் நான் ஒரு தடவைகூட முழுதாகப் பார்த்ததில்லை. நடத்துபவர் இடத்தில் நின்றுகொண்டு அதைப் பார்க்கவே முடியாது.

அறிக்கை எழுதுவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வாரா வாரம் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தால் அது தானாக வந்துவிடும். என்னுடையதில் பாதி, திருத்தப்படாத முதல் பாடக்குறிப்பும் பிள்ளைகள் சொன்ன வார்த்தைகளும்தான். மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் அந்தப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

புள்ளிக்கு அப்புறம் கம்மியாக இருந்தால் பெரியது என்று சொன்ன பையனோடு பிறகு தனியாக உட்கார்ந்தேன். பட்டைகளோடு அவனே தன் விதியை உடைத்துக்கொண்டான், நான் அதிகம் பேசவில்லை. எழுந்து போகும்போது நின்று திரும்பினான். “டீச்சர், 0.45-க்கும் 0.46-க்கும் நடுவுல ஏதாவது இருக்கா?” நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவன் உறையைத் திறந்து மிகச் சிறிய துண்டு ஒன்றை எடுத்து, “இதையும் பத்தா வெட்டணுமோ?” என்றான்.

அடுத்த வாரப் பொதுப் பாடவேளையில் அந்தக் கேள்வியைக் குழுவில் வைத்தேன். அடுத்த பாட ஆய்வு அதில்தான் என்று முடிவாகியிருக்கிறது. கத்தரிக்கோலுக்கு எட்டாத துண்டை எப்படிக் காட்டுவது என்று தமிழாசிரியர் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.