தூரினும் அப்பத்தாவும்

நேற்று மத்தியானம் காரைக்குடி வீட்டில், ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் படுத்தபடி அப்பத்தாவுக்கு ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் எழுதிய தூரின் என்ற வீரனின் கதையைச் சொன்னேன். அப்பன் இருளரசனை எதிர்த்ததால் குடும்பத்தோடு சாபம் வாங்கியவன். இருட்டில் எதிரி என்று நினைத்து, தன்னை மீட்க வந்த உயிர்த்தோழன், வில்லாளி பெலெக்கையே வெட்டியவன். அவன் யோசனைப்படி கட்டி, இடிக்கச் சொல்லியும் கேட்காமல் விட்ட பாலத்தின் மேல்தான் டிராகன் நார்கோத்ரோண்டு என்ற எல்ஃப் கோட்டைக்குள் ஏறி வந்தது.

பணியாரத்துக்கு அரிசி களைந்துகொண்டே, “சாபம் அப்பனால வந்துச்சு, சரி. பாலத்தைக் கட்டச் சொன்னது யாருப்பா?” என்றார் அப்பத்தா.

வாயடைத்துப் போனேன். எல்லாப் பழியையும் சாபத்தின் மேல் போட்டால் அவன் வெறும் பொம்மைதானே? மலையிடுக்கில் தனியாகத் தொங்கிக்கொண்டு டிராகனின் வயிற்றில் குத்தினான் பாருங்கள், அதற்குக் கும்பிடலாம். அவன் மணந்தவள் அவன் தங்கையே என்ற உண்மையைச் சொன்ன பிராந்திரைக் கொன்றதற்கு? என்னால் முடியாது.

இன்று காலையிலும் அப்பத்தா தூரினைக் கேட்கவில்லை. “அந்த வில்லுக்காரப் பிள்ளையை ஒழுங்கா அடக்கம் பண்ணுனாகளா?”