சிறுநீரகக் கல்: எதுவரை பொறுக்கலாம்?

சில ஆண்டுகளாகச் சிறுநீரகக் கல்லோடு வாழ்ந்து வருகிறேன். விலாவுக்குக் கீழே முதுகில் தொடங்கி, அடிவயிற்றைச் சுற்றிக்கொண்டு தொடையிடுக்கு வரை இறங்கும் அந்த வலியில் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில் சில வாரங்கள் காத்திருக்கலாம்.

ஆனால், வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் சற்றும் தாமதிக்கக் கூடாது. அடைபட்ட சிறுநீரில் தொற்றிய கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும் என்பதால், கல்லை அகற்றும் முன்பே ஸ்டென்ட் போன்ற குழாய் பொருத்திச் சிறுநீரை வடியவிடுவார்கள். சிறுநீர் அறவே நின்றாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்கோ கர்ப்பிணிக்கோ வலி வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலி நின்றதும் கல் போய்விட்டதாக எண்ணி ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு மிகவும் அச்சமூட்டுகிறது. வலியே இல்லாமல் அடைப்பு நீடித்துச் சிறுநீரகம் மெல்லச் செயலிழப்பதும் உண்டு. வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாம், சிகிச்சைக்கு அது ஈடாகாது. நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதும், ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பைக் குறைப்பதும் உதவும். பாலை நிறுத்தத் தேவையில்லை. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), உணவிலிருந்து வந்து கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது. வெளியேறும் கல்லை வடிகட்டியில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். எள்ளளவே இருந்த என் கல் கால்சியம் ஆக்சலேட் என்று தெரிந்த பிறகே எனக்கான உணவுமுறை தெளிவானது.