முதல் வாரம் எத்தனை வித்தது என்று கேட்பவர்களுக்கு

ராப் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று தெரிந்ததுதான். "உன் ஆளோட ஆல்பம் முதல் வாரம் எத்தனை வித்தது?" எண்ணைச் சொன்னவன் ஜெயித்த மாதிரி, எதிரில் இருப்பவனுக்கு வாயடைத்துப்போன மாதிரி. அதுவரை வரிகளைப் பற்றியும் பீட் (ராப்புக்குப் பின்னால் ஓடும் இசை) பற்றியும் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த இடத்தில் திடீரென்று கணக்குப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது.

1990-ஐ எடுத்துக்கொள்வோம். ராப்பர் எம்சி ஹாமரின் 'ப்ளீஸ் ஹாமர் டோன்ட் ஹர்ட் எம்', அமெரிக்காவின் வாராந்திர ஆல்பம் வரிசையான பில்போர்ட் சார்ட்டில் மொத்தம் 21 வாரம் முதலிடத்தில் இருந்தது. ராப்பில் முதன்முதலில் டயமண்ட் வாங்கிய ஆல்பம் அது, அதாவது அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி பிரதி. அதைக் கீழே தள்ளிவிட்டு வந்த இன்னொரு ராப்பர் வனில்லா ஐஸ் அந்த இடத்தில் 16 வாரம் உட்கார்ந்திருந்தார். அதே வருடம்தான் பப்ளிக் எனிமியின் 'ஃபியர் ஆஃப் எ பிளாக் பிளானட்', ஐஸ் கியூபின் முதல் தனி ஆல்பம், டிரைப் கால்ட் குவெஸ்டின் முதல் ஆல்பம் எல்லாம் வந்தன. விற்பனையில் இந்த மூன்றும் ஹாமர் பக்கத்தில்கூட வராது. ஆனால் 1990-இன் ராப் பற்றி யாராவது எழுத உட்கார்ந்தால் எதிலிருந்து ஆரம்பிப்பார்கள்? ஹாமரைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. ஆரம்பத்தில் கார் டிக்கியில் வைத்துத் தன் ரெக்கார்டுகளை விற்ற மனிதர், ராப்பில் இவ்வளவு பணம் இருக்கிறது என்று பெரிய கம்பெனிகளுக்குக் காட்டியவர். அது சாதனைதான். வேறு வகைச் சாதனை.

அப்புறம் ராப்பர் நாஸின் 'இல்மாட்டிக்'. 1994 ஏப்ரலில் வந்தது. முதல் வாரம் 60 ஆயிரத்தை ஒட்டி விற்றது, சார்ட்டில் 12-ஆம் இடம். 'தி சோர்ஸ்' என்ற ராப் பத்திரிகை ஐந்துக்கு ஐந்து மைக் (அவர்கள் மதிப்பெண்ணை மைக் கணக்கில்தான் போடுவார்கள்) கொடுத்தது, ராப் எழுதுகிறவர்கள் மத்தியில் உடனே பெயர் வந்துவிட்டது, ஆனால் ஐந்து லட்சத்தைத் தொட்டு கோல்ட் ஆனது 1996-இல், பத்து லட்சத்தைத் தொட்டு பிளாட்டினம் ஆனது 2001 கடைசியில். ஏழரை வருடம். வெளிவருவதற்கு முன்பே கள்ளக் கேசட்டுகள் சுற்றியதால் உண்மையில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. கவனித்தால் ஒன்று புரியும்: பெயர் முதலில் வந்தது, விற்பனை அதன் பின்னாலேயே மெதுவாக நடந்து வந்தது. விற்பனையைக் காரணமாகக் காட்டுகிறவர்கள் முன்பின் வரிசையை மாற்றிப் படிக்கிறார்கள்.

இதில் இன்னொரு கூத்து, அந்த எண்ணே அவ்வளவு சுத்தமானது கிடையாது. 1991 மே மாதம் வரை பில்போர்ட் ஆல்பம் சார்ட் என்பது கடைக்காரர்கள் எது நன்றாகப் போகிறது என்று சொல்வதை வைத்துப் போட்டது. சவுண்ட்ஸ்கேன் வந்து, கவுண்டரில் பில் போடும்போது நேரடியாக எண்ண ஆரம்பித்த அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடம் போனது. மக்களின் ரசனை ஒரே மாதத்தில் மாறிவிடவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. கோல்ட், பிளாட்டினம், டயமண்ட் பட்டம் கொடுக்கிற ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம்) சிடி காலத்தில் கணக்கெடுத்தது கடைகளுக்கு அனுப்பிய பிரதிகளை. நீளமான இரட்டை ஆல்பம் என்றால் ஒன்றை இரண்டாக எண்ணுவார்கள். டூபாக்கின் 'ஆல் ஐஸ் ஆன் மீ' டயமண்ட் என்றால் ஒரு கோடிப் பேர் வாங்கினார்கள் என்று அர்த்தம் இல்லை, ஐம்பது லட்சம் செட் போதும். (எனக்கு அந்த ஆல்பம் உயிர், அது வேறு விஷயம்.)

2013-இல் ஜே-ஸி செய்தது இன்னும் வேடிக்கை. 'மாக்னா கார்ட்டா ஹோலி க்ரெய்ல்' வருவதற்கு முன்பே சாம்சங் கம்பெனி 5 டாலர் வீதம் 10 லட்சம் பிரதிகளை வாங்கி, தன் போன் வைத்திருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. அதற்காகத் தன் விதியையே திருத்திக்கொண்டு பிளாட்டினம் கொடுத்தது. பில்போர்ட் அந்தப் பத்து லட்சத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரே ஆல்பம், ஒரே வாரம், இரண்டு இடத்தில் இரண்டு கணக்கு. 2016-இல் ஆர்.ஐ.ஏ.ஏ. 1500 ஸ்ட்ரீம் சேர்ந்தால் ஒரு ஆல்பம் என்று சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் டி லா சோல் குழுவின் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' என்ன ஆவது? 1989-இல் வந்த ஆல்பம், சாம்பிள் (மற்றவர் பாட்டிலிருந்து எடுத்துப் போட்ட துண்டு) உரிமைச் சிக்கலால் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங் பக்கமே வர முடியவில்லை. அத்தனை வருடம் அதன் ஸ்ட்ரீம் கணக்கு பூஜ்யம். ஆனாலும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் சேர்த்து வெகு நாளாகிவிட்டது.

சரி, இதையெல்லாம் கேட்டுவிட்டு எதிர்ப் பக்கம் சாய்கிறவர்களும் இருக்கிறார்கள். விற்காதது எல்லாம் உயர்ந்தது, விற்றது எல்லாம் குப்பை என்பார்கள். அதுவும் அதே எண் பைத்தியம்தான், தலைகீழாக. டாக்டர் ட்ரேயின் 'தி கிரானிக்' லட்சக்கணக்கில் விற்றது, கூடவே மேற்குக் கரை ராப்பின் ஒலியையே மாற்றியது. லாரின் ஹில்லின் 'மிஸ்எஜுகேஷன்' டயமண்டும் வாங்கியது, 1999-இல் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதையும் வாங்கியது. அவை விற்காமல் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் கௌரவம் கூடியிருக்குமா என்ன?

நான் பார்ப்பது வேறு ஒன்றை. அந்த ஆல்பம் வந்த பிறகு மற்ற ராப்பர்கள், பீட் போடுகிறவர்கள் தங்கள் வேலையை மாற்றிக்கொண்டார்களா? 'இல்மாட்டிக்'கில் டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபசர், க்யூ-டிப், எல்.இ.எஸ். என்று ஆளுக்கு ஒன்றிலிருந்து மூன்று பீட் வரை கொடுத்திருந்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு புரொட்யூசர் (பீட் போடுகிறவர்) என்றிருந்த காலம் போய், நல்ல நல்ல ஆட்களிடம் தனித்தனியாகப் பீட் வாங்கி ஆல்பம் கட்டுவது அதன் பிறகு சகஜமாகிவிட்டது. வூ-டாங் கிளான் குழுவின் முதல் ஆல்பம் சார்ட்டில் 41-க்கு மேல் ஏறவேயில்லை. ஆனால் அவர்களின் புரொட்யூசர் ஆர்.இஸட்.ஏ.வின் அந்தத் தூசி படிந்த ஒலி நியூயார்க் முழுக்கப் பரவியது, உறுப்பினர்கள் வேறு வேறு லேபிள்களில் (ரெக்கார்டு கம்பெனிகளில்) தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்ற அவர்களின் ஏற்பாடு தொழிலையே யோசிக்க வைத்தது. எம்எஃப் டூம் ராப் செய்த, 2004-இன் 'மேட்வில்லனி' எட்டிய உயரம் 179-ஆம் இடம். எர்ல் ஸ்வெட்ஷர்ட் மாதிரி அடுத்து வந்த ராப்பர்களைக் கேட்டுப் பாருங்கள், எம்எஃப் டூமின் அடுக்கு எதுகைகள் அவர்கள் வாயில் எப்படி ஏறியிருக்கின்றன என்று.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். யார் காதிலும் விழாத ஆல்பம் எதையும் மாற்றாது. அதே டூம் இளம் வயதில் இருந்த கே.எம்.டி. குழுவின் இரண்டாவது ஆல்பத்தை, அட்டைப்படப் பிரச்சினையில் 1994-இல் எலெக்ட்ரா லேபிள் வெளியிடாமலே கைவிட்டது. கள்ளப் பிரதியாகக் கொஞ்சம் பேரிடம் சுற்றியது, முறையாக வெளிவர வருடங்கள் ஆயின. அதன் நேரத்தில் வந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஆல்பம் வெளியே வரவேண்டும், சில ஆயிரம் சரியான காதுகளுக்காவது போய்ச் சேரவேண்டும். அதுவரைக்கும் விற்பனைக்கு வேலை உண்டு.

அதற்கு மேல் போகிற எண் எதைச் சொல்கிறது என்று பார்க்க 2007 செப்டம்பர் 11 போதும். ராப்பர்கள் கான்யேவும் 50 சென்டும் ஒரே நாளில் ஆல்பம் விட்டார்கள், தோற்றால் தனி ஆல்பம் போடுவதையே நிறுத்துகிறேன் என்றார் 50. கான்யேவின் 'கிராஜுவேஷன்' முதல் வாரம் 9 லட்சத்து 57 ஆயிரம், 50-இன் 'கர்டிஸ்' 6 லட்சத்து 91 ஆயிரம். எல்லோரும் கான்யே ஜெயித்ததைத்தான் பேசுகிறார்கள். தோற்ற ஆல்பம் ஒரே வாரத்தில் 'இல்மாட்டிக்' முதல் வாரத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் விற்றிருக்கிறது. 50-இன் ரசிகர்களே சொல்லட்டும், 'கர்டிஸ்'ஸைக் கடைசியாக எப்போது முழுசாகக் கேட்டீர்கள்?