ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுதியது

அந்தப் பழைய வரைபடத் தாளை நான் சரியாகத்தான் பொருத்தினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஷையன் ரிவர் ரிசர்வேஷன், பழங்குடியினருக்கு ஒதுக்கிய நிலம். மிசௌரி ஆற்றில் ஓவாஹி அணை வருவதற்கு முந்தைய நிலவரைபடம். அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிகளை வைத்தே ஸ்கேனைப் பூமியில் அதற்குரிய இடத்தில் பொருத்திவிடலாம். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கத்தான் சோதனைப் புள்ளிகள். அன்றும் இன்றும் ஒரே இடத்தில் இருக்கிற ஏதாவது வேண்டும். மேட்டுப் புல்வெளியில் பழுப்புநிறச் சமஉயரக் கோடுகளுக்கு நடுவே ஒரு காற்றாடிக் கிணறு, இரண்டு மண்பாதைகள் சேருமிடம், அவ்வளவுதான் கிடைத்தது. கிழக்கே ஆற்றோரம் முழுக்க இன்றைய செயற்கைக்கோள் படத்தில் வெறும் தண்ணீர். ரிமார்க்ஸில் "கிழக்குப் பகுதி: எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பினேன்.

மறுவாரம் போனில், வேலை கொடுத்தவர்கள் தரப்பில் சரிபார்க்கும் அம்மா கேட்டார்: "ஆற்றோரப் பச்சைக்குள் கறுப்புக் கட்டங்கள் இருக்கின்றனவே, எண்ணினீர்களா?"

"அது எங்கள் வேலையில் வராது மேடம்."

"ஓகே" என்றார். அடுத்த தாளுக்குப் போய்விட்டோம்.

கோபமா, அலுப்பா, வெறும் ஓகேதானா? அவர் அந்தப் பக்கத்துக்காரரா என்றுகூட எனக்குத் தெரியாது.

பச்சை என்றால் மரம். நிரப்பிய கறுப்புக் கட்டம் குடியிருப்பு, நிரப்பாதது தொழுவம் மாதிரி. இந்தக் குறிகள் எனக்கு மனப்பாடம். அந்தச் சமவெளியில் விறகும் தண்ணீரும் குளிர்காற்றுக்கு மறைவும் ஆற்றோரத்தில்தான். லகோட்டா பழங்குடிக் குடும்பங்களும் அங்கேதான் இருந்தன. 1958-ல் அணை அடைபட்ட பிறகு அந்த ரிசர்வேஷனில் மட்டும் 1,04,000 ஏக்கருக்கு மேல் முழுகியது. நிர்வாக ஊரையே மேட்டில் இருக்கும் ஈகிள் பியூட்டுக்கு மாற்றினார்கள். தாளில் ஆள் அதிகம் இருந்த இடத்தைப் பார்த்துத்தான் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஆனால் முழுகிப்போன வீட்டைச் சோதனைப் புள்ளியாக வைக்க முடியுமா? யாரும் வைக்கமாட்டார்கள். "ஒப்பிடப் புள்ளி இல்லை" என்று எழுதியிருந்தால் போதும். ஒரு வார்த்தை பிசகியதற்கு இவ்வளவு யோசிக்கிறேனே என்றும் இருக்கிறது. அப்புறம், வார்த்தையை மாற்றியிருந்தாலும் அந்தக் கேள்விக்கு இதே பதிலைத்தானே சொல்லியிருப்பேன்.

ஒருநாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து எண்ணினேன். இரண்டு தடவையும் வேறு வேறு எண்ணிக்கை. ஸ்கேனில் மடிப்பு விழுந்த இடத்தில் மை கலங்கியிருந்தது.

பைல் டெலிவரி ஆகிவிட்டது. ஒரு ரிமார்க்ஸுக்காக மறுபடி திறக்க லீடிடம் என்ன காரணம் சொல்வது? கேட்டிருந்தால் திறந்து கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை.